தண்டனையில் மட்டும் சமத்துவம்

பெண்ணுக்கு ஆணோடு சம உரிமை வேண்டுமென்று கேட்கும்போதெல்லாம், "காலம் கனியட்டும்" என்று நமக்குப் புத்தி சொல்லப்பட்டு வருகிறது. கூலியில் கேட்டாலும் அதே பதில்; சொத்தில் கேட்டாலும் அதே பதில்; சங்கத்துத் தலைமைப் பதவியில் கேட்டாலும் அதே பதில். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும், எந்தப் பெண்ணும் மனுப் போடாமலே, சமத்துவம் வீடு தேடி வந்திருக்கிறது. அதுதான் தண்டனை.

விவரமாய்ச் சொல்வோம். இலங்கையின் தண்டனைச் சட்டம் 1883ஆம் ஆண்டு வெள்ளையர் விட்டுப்போன சீதனம். அதன் 365ஏ பிரிவு ஆணும் ஆணும் கூடுவதையே குற்றமென்று வைத்திருந்தது. இப்பிரிவு அநீதியானது, எடுத்துவிடுங்கள் என்று கோரிக்கை எழுந்தது. 1995இல் சட்டத்தைத் திருத்த வந்த மேதாவிகள் என்ன செய்தார்கள்? பிரிவை எடுக்கவில்லை. 'ஆண்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, இருபாலாரையும் குறிக்கும் சொல்லைப் புகுத்தினார்கள். அதுவரை வெளியே நின்ற பெண்களையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்!

நம் நாடு மட்டும் சளைத்ததா? 1989ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நம் தண்டனைச் சட்டத்தின் 377டி பிரிவு 'எவரேனும்' என்றே பேசுகிறது. பகிரங்கத்திலோ அந்தரங்கத்திலோ என்று கதவுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது. இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கிறது. 1930இல் இந்நாட்டுத் தோட்டங்களில் தமிழருக்குக் கூலி குறைக்கப்பட்டபோது, ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு என்று நிர்ணயித்தார்கள். உழைப்புக்கு ஐந்தில் நான்கு பங்கு பெற்றவளுக்குக் குற்றத்தில் மட்டும் ஐந்துக்கு ஐந்தா? இது எந்த ஊர்க் கணக்கு என்று கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் கேட்கிறோம்.

பெண்ணை விரும்பும் பெண்ணைச் சட்டம் முன்பு விட்டுவைத்தது கருணையால் அன்று. 1921இல் இங்கிலாந்தின் பொதுமக்கள் சபை இதைக் குற்றமாக்க முற்பட்டபோது, பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. ஏன்? சட்டத்தில் எழுதினால், இப்படியொன்று இருப்பதைப் பெண்கள் தெரிந்துகொண்டு விடுவார்களே என்ற அச்சம்! பெண்ணுக்குத் தானாக ஓர் ஆசை தோன்றக்கூடும் என்று நம்பவே அந்தப் பிரபுக்களுக்கு மனம் வரவில்லை.

நிற்க. சுங்காய் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டி ஓய்ந்த அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கணவன் இல்லை, ஒருபோதும் இருந்ததுமில்லை. தம்மோடு பக்கத்து நிரையில் வெட்டிய தோழியோடு ஒரே லயத்து வீட்டில் நாற்பது ஆண்டு வாழ்ந்து, அவரை அடக்கமும் செய்தவர். ஊர் அவர்களை 'அக்கா தங்கை' என்றது, அம்மையார் மறுக்கவில்லை. "ஊருக்கு ஒரு பெயர் வேண்டும், தம்பி. கிடைத்துவிட்டால் வாயை மூடிக்கொள்ளும்" என்பது அவர் சித்தாந்தம்.

அயல்வீட்டுப் பெண்களைப் பற்றி அவர் சொல்வது இது: "கல்யாணம் கட்டாதவள், பாவம் என்பாள். மறுநாளே புருஷன் சம்பளத்தைக் கள்ளுக்கடையில் விட்டான் என்று என்னிடம் ஐந்து வெள்ளி கேட்டு வருவாள். யார் பாவம் என்று நான் கேட்டதில்லை, வெள்ளியைக் கொடுத்தேன்." அரசியல்வாதிகளைப் பற்றி: "ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் 'தாயே' என்று கும்பிட்டு வருகிறான். பிள்ளை பெறாதவளுக்கு இத்தனை பிள்ளைகள். கஞ்சி ஊற்றத்தான் ஒருவனும் இல்லை."

அந்தச் சிரிப்பு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தோழி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உறவில்லை என்று அம்மையார் வெளியே நிறுத்தப்பட்டார். பத்தாண்டு எட்டிப் பாராத அண்ணன் மகன் கையெழுத்துப் போட உள்ளே அழைக்கப்பட்டான். சொக்சோவின் வாரிசு ஓய்வூதியம் துணைவர், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தார் என்று ரத்தத்தையும் தாலியையும் தேடிப் போகுமேயன்றி, நாற்பது ஆண்டு ஒரே அடுப்பில் பொங்கியவளைத் தேடி வராது. யாரும் சிறைக்குப் போகவில்லையே, சட்டம் தூங்கத்தானே செய்கிறது என்பவர்களுக்கு இதுவே பதில். தூங்கும் சட்டமும் வாசற்படியில்தான் படுத்திருக்கிறது. தாண்டிப் போகிறவர்கள் அஞ்சி அஞ்சியே தாண்ட வேண்டும்.

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு" என்று சில பண்பாட்டுக் காவலர்கள் கூச்சலிடுகிறார்கள். வாஸ்தவத்தில் மேல்நாட்டுச் சரக்கு அந்தச் சட்டம்தான். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவே கடல் கடந்து இங்கே வந்து இனம் பெருக்கியது. ரப்பரும் பிரேசில் தேசத்து மரந்தான். 1877இல்தான் கோலகங்சாரில் ஊன்றினார்கள். அது நமக்குச் சோறு போட்டது. இந்தச் சட்டம் யாருக்குச் சோறு போட்டது?

பண்பாடு என்கிறீர்களே, 1982 மார்ச் முதல் தேதி புதிய திருமணச் சட்டம் அமலுக்கு வரும்வரை, இந்நாட்டு இந்து ஆண் வழக்கப்படி இரண்டு மனைவியரைக் கட்டிக்கொள்ளச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அப்போது மூழ்காத பண்பாடா, இரண்டு கிழவிகள் ஒரு வீட்டில் கஞ்சி குடித்தால் மூழ்கிவிடும்?

உலகம் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. இலங்கைச் சட்டத்தை எதிர்த்து ரோசான்னா ஃபிளேமர் கால்தேரா என்ற அம்மையார் ஐக்கிய நாடுகளின் பெண்ணுரிமைக் குழுவிடம் முறையிட்டார். அவரும் இளம்பெண் அல்லர், 1956இல் பிறந்தவர். அச்சட்டம் பெண்ணுரிமையை மீறுகிறதென்று அக்குழு 2022இல் தீர்ப்புரைத்தது. சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல், மதுரையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த இரு பெண்களின் வழக்கில், இவ்விருப்பத்தை 'மாற்றிவிடுகிறேன்' என்று செய்யும் வைத்தியத்தைத் தடுத்தார். தீர்ப்புச் சொல்லுமுன், தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று பாடம் கேட்டார். 2025 மேயில் அதே நீதிமன்றம், குடும்பத்துக்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும் சொல்லிவிட்டது. நீதிபதி பாடம் கேட்கலாம். நம் மேடைப் பிரசங்கிகள் கேட்கக்கூடாதா?

சீர்திருத்தத் தோழர்களே! விதவைக்கு மறுமணம் வேண்டுமென்றோம். புரோகிதனில்லாத திருமணமும் திருமணமே என்றோம். 1967இல் தமிழ்நாட்டுச் சட்டசபை அதை ஒப்புக்கொண்டபோது ஆனந்தக் கூத்தாடினோம். ஒரு புருஷனிடமிருந்து இன்னொரு புருஷனிடம் போகும் உரிமை மட்டுமா பெண்ணுரிமை? புருஷனே வேண்டாம் என்பவளுக்கு நம் அகராதியில் இடமில்லையா?

நாம் கேட்பது கொஞ்சமே. வயது வந்த இருவர் மனமொப்பி வாழ்வதைச் சட்டம் விட்டு நீங்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலும் ஓய்வூதியத் தாளிலும், உடன் வாழ்ந்தவளுக்கு ஒரு வரி இடம் வேண்டும். வேண்டாமென்று அழும் மகளுக்குக் கட்டாயத் தாலி கட்டுவதைப் பெற்றோர் விட வேண்டும். இம்மூன்றையும் தர முடியாதவர்கள், இனி மாதர் தின மேடையேறிச் சமத்துவம் பேசும் சிரமத்தையாவது விட்டுவிடட்டும்.