மாதக் கடைசியின் மனக்கணக்கு

ராஜஸ்தானின் உதயப்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகள் நடத்திவந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பள்ளிகளில் பாதிக்கு 2003-இல் கேமரா கொடுத்தார்கள். காலையில் ஒன்று, பள்ளி விடும்போது ஒன்று என, வாத்தியாரையும் பிள்ளைகளையும் ஒரு மாணவரே படம் எடுப்பார். நடுவில் ஐந்து மணி நேரமாவது இருந்தால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். மாதம் 10 நாள் வரை சம்பளம் 500 ரூபாய். அதற்கு மேல் நாளுக்கு 50. மற்றப் பள்ளிகளில் வழக்கமான 1,000 ரூபாய். அங்கே ஆசிரியர் வராத நாள் 42 சதவீதம். கேமரா பள்ளிகளில் பாதிதான்.

சாதித்தது கேமராவா, காசா? எஸ்தர் டுஃப்லோ, ரெமா ஹன்னா, ஸ்டீபன் ரயன் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் விடை மாதக் கடைசியில் கிடைத்தது. ஆறேழு நாளே வந்திருக்கும் ஆசிரியர், கடைசி இரண்டு நாள் வந்தாலும் 500-க்கு மேல் தேறாது. வருகை சரிகிறது. ஒன்றாம் தேதி கணக்கு புதிதாகத் தொடங்க, அதே ஆசிரியர் வந்துவிடுகிறார். மாதக் கடைசியிலும் ஒன்றாம் தேதியிலும் கேமரா அங்கேதான் இருந்தது; மாறியது காசுக் கணக்கு.

சம்பளப் பட்டியல் போட்டே ஓய்வுபெற்றவன் நான். இது எனக்குப் புதிதில்லை. டிசம்பர் 31-உடன் தற்செயல் விடுப்பு காலாவதியாகும். டிசம்பர் பிறந்தால் மேசையில் விடுப்பு விண்ணப்பங்கள் குவியும். ஊரில் அத்தனை காய்ச்சலா என்று கேட்காதீர்கள்.

மனிதர்கள் இன்றைய நாளை மீதி நாள்களோடு சேர்த்தே எடைபோடுகிறார்கள். உதயப்பூர் ஆய்வாளர்கள் அதையே சமன்பாடாக்கினார்கள்: இத்தனை நாள் வந்தாயிற்று, இத்தனை நாள் பாக்கி, இன்று வீட்டில் இருந்தால் என்ன லாபம்? பிறகு நிறுவனம் சம்பள விதியை மாற்றியபோதும் அந்தச் சமன்பாட்டின் கணிப்பு பெரிதாகப் பிசகவில்லை. பழைய சராசரியை மட்டும் பார்ப்பவரால் இதைச் சொல்ல முடியாது. விதி மாறினால் ஆட்களின் கணக்கும் மாறிவிடுமே.

நம் அரசாணைகளில் செலவுத் தொகை ரூபாய் பிசகாமல் இருக்கும். யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்ற கணிப்பு மட்டும் இருக்காது. ஊக்கத்தொகை ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு கணிப்புப் பக்கத்தை ஆணையோடு இணைத்து, அரசு முன்கூட்டியே வெளியிடட்டும். கணிப்பு தவறினால் தவறட்டும். எந்த அனுமானம் சறுக்கியது என்று ஓராண்டு கழித்து வருகைப் பதிவேட்டை வைத்துத் தேட முடியும். இப்போது தேடுவதற்கு எதுவுமே எழுதி வைக்கப்படவில்லை.