அடிவயிற்று வலியும் அடக்கிய மனமும்

முக்கூடல் வட்டாரத்தில் காலை முதல் பீடித் தட்டை மடியில் ஏந்தி அமர்ந்திருக்கும் சகோதரிகளிடம் அடிவயிற்று வலியைப் பற்றிக் கேட்டால், "பெண்ணாய்ப் பிறந்தால் உள்ளதுதானே" என்பார்கள். மாதவிலக்கு நாட்களைக் கடந்து, 6 மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலி அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு வெளியே வளர்வது, சிறுநீர்ப்பைக் கோளாறு, குடல் கோளாறு எனக் காரணங்கள் பல. சிலருக்குப் பரிசோதனையில் ஒன்றும் புலப்படுவதில்லை. அதனால் வலி பொய்யாகிவிடாது.

இவர்களது சினத்தையும் கண்ணீரையும் வீட்டார் குணக்கேடு என்று எண்ணிவிடுகின்றனர். வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்று, வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 1979ஆம் ஆண்டிலேயே வரையறுத்தது. 2020இல் திருத்தியபோதும் அதனை விடவில்லை. அச்சத்தால் இடுப்புத் தசைகள் இறுகும். இறுகினால் வலி பெருகும். பெருகினால் அச்சம் மீண்டும் எழும். வயிறு மெல்ல உயர்ந்து தாழ மூச்சுவிடுவதும், அவ்வப்போது தட்டை இறக்கிவைத்து நடப்பதும் இறுக்கத்தைத் தளர்த்தும். (ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவருக்கு அது எளிதன்று என்பதை அறிவேன்.) சிகிச்சைக்கு இவை மாற்றாகா. வலித்த நாளையும் அன்றைய மனநிலையையும் குறித்துவைத்தால், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனையில் வாய்திறந்து பேச நாணுகிறவருக்கு அந்தக் குறிப்பேடே பேசும்.

கணவரிடம் சொல்வது இன்னும் கடினம். தாம்பத்திய உறவில் வலிப்பதை மறைத்துச் சாக்குச் சொல்லி ஒதுங்கினால், அவர் அதை வெறுப்பென்றே கொள்வார். வலி தணிந்திருக்கும் ஒரு மாலையில், "உங்கள்மேல் கோபமில்லை, எனக்கு வலிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், சகோதரி. வாழவே வேண்டாமென்ற எண்ணம் தோன்றினால் மட்டும் மாலைக்குக் காத்திராமல் அப்போதே அருகிலிருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.