மலிவான சீட்டா, நேரான வழியா?

பொதுத் தேர்வு முடிந்ததும் எங்கே போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் பொங்கல் கழிந்த மறுநாளே தொடங்கிவிட்டது. அப்பா கோவா என்றார். தம்பி சிங்கப்பூர் என்றான். அம்மா வழக்கம்போல், எல்லாரும் போகிற இடத்துக்கு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஆச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி சொல்லாததைத்தான் நான் இந்தப் பக்கங்களில் சொல்ல விரும்புகிறேன்.

தோழியரே, நம் பள்ளியில் விமானம் ஏறாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் உண்டு. ஆயினும் தூத்துக்குடியில் பிறந்த நமக்கு வாகைக்குளம் விமான நிலையம் புதியதன்று. 2025 ஜூலையில் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்தபடிதான் பலர் பள்ளிக்கு வருகிறோம். இன்று கைப்பேசியைத் தட்டினால் நூறு வழிகள் வரிசையாய் வந்து நிற்கின்றன. மலிவானது மேலே, விலை கூடியது கீழே. அந்த வரிசையை அப்படியே நம்பிவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை என்பது என் கருத்து. வரிசையில் முதலில் நிற்பது பணத்துக்கு மட்டுமே முதல். நேரத்துக்கும் முழங்காலுக்கும் அது கடைசியாக இருக்கலாம்.

முதலில் தம்பியின் சிங்கப்பூரைப் பார்ப்போம். திருச்சியிலிருந்து நேரே போகலாம்; நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். மலிவான சீட்டு இரவுப் பயணமாக இருக்கும். ஆனால் அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நள்ளிரவு தாண்டி ஏறினால் தூங்குவதற்குள் அங்கே விடிந்துவிடும். விடுதியிலோ பிற்பகலில்தான் அறை தருவார்கள். பெட்டியும் கையுமாக எங்கே போய் உட்காருவது? இதைக் கேட்டால் தம்பி, "உட்காரவா போறோம்?" என்கிறான். பத்து வயதில் அது சரியான பதில்தான்.

கோவாவின் கதை வேறு. தூய சவேரியாரின் உடல் இருக்கும் பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயத்தைக் காணவேண்டும் என்ற ஆசை முத்துக்குளித்துறையில் யாருக்குத்தான் இல்லை? 1542-இல் அவர் நம் கடற்கரைக்கு வந்து நம் முன்னோருக்கு மந்திரம் கற்பித்தவர். அவருடைய திருவுடல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை வைக்கப்பட்டது. அப்போது என் பெரியப்பா குடும்பத்துடன் புறப்பட்டார். நேரடி விமானம் இல்லாததால் பெங்களூர் வழியாகப் போக முடிவு செய்தார். இரு விமானங்களுக்கும் ஒரே சீட்டாக எடுத்தால் விலை கூடுகிறது என்று, தனித்தனியாக இரண்டு நிறுவனங்களில் எடுத்தார். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். பெங்களூரில் இறங்கும்போது இரண்டாவது விமானம் போய்விட்டது. ஒரே பதிவு எண்ணில் எடுத்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனி என்பதால் முதல் நிறுவனம், "உங்களைப் பெங்களூரில் சேர்த்துவிட்டோம்" என்றது. இரண்டாவது நிறுவனம், "நீங்கள் வரவில்லை" என்றது. இரண்டும் உண்மை! பெரியப்பா அன்று மாலை வாங்கிய புதுச் சீட்டுகளின் விலையை இன்றுவரை பெரியம்மாவிடம் சரியாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் அவர் கவனிக்கவில்லை. கோவாவுக்கு இப்போது இரண்டு விமான நிலையங்கள். டாபோலிம் பழையது. மோபாவில் உள்ளது 2023 ஜனவரியில் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. அது வடகோடியில், மகாராஷ்டிர எல்லைக்கு அருகில் இருக்கிறது. திரையில் இரண்டும் 'கோவா' என்றே தெரியும். தெற்கே கொல்வா கடற்கரையில் அறை எடுத்துவிட்டு மோபாவில் இறங்குகிறவர், மிச்சம் பிடித்த காசை வாடகைக் காருக்குக் கொடுப்பார். பெரியப்பாவும் கொடுத்தார்.

இனி ஆச்சியிடம் வருகிறேன். ஆச்சி பிறந்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் மணியோசை கேட்கும் தூரத்தில் வீடு. 1970-இல் திருமணமாகி, தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி வந்தவர். அந்தக் கப்பல் 1980-களில் நின்றுபோயிற்று. பிறகு 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். ஆச்சி அதில் ஓர் இரவு பயணம் செய்து போய்த் தம் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டும் வருகிறேன் என்று சொல்லி வந்தாராம். அந்த நவம்பரிலேயே கப்பல் நின்றுவிட்டது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோவிலில் குண்டு வெடித்தபோது ஆச்சி தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு மாலைவரை எழுந்திருக்கவில்லை. சின்ன ஆச்சி அன்று வேறு பூசைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். இப்போது அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. கைப்பேசியில் முகம் காட்டிப் பேசினாலும், "குரல்தான் வருது, முகம் வரல்ல" என்கிறார்.

எனவே போகவேண்டிய இடம் கொழும்பு என்றே நான் வாதாடினேன். சிங்கப்பூர் பத்தாண்டு கழித்தும் அங்கேதான் இருக்கும். சவேரியாரின் அடுத்த திருக்காட்சிக்கும் நாளிருக்கிறது. இவ்வளவு சொன்னதும் அப்பா மறுக்கவில்லை. ஆனால் வழியில் வந்து நின்றது சிக்கல்.

நம் ஊருக்கும் கொழும்புக்கும் கடல்வழி சுமார் 150 கடல் மைல்தான். ஆனால் இங்கிருந்து நேராகப் பறக்க முடியாது. ஒன்று, சுமார் 140 கிலோமீட்டர் வடக்கே மதுரைக்குப் போய் அங்கிருந்து நேர் விமானம் ஏறவேண்டும். ஏறினால் ஒரு மணி நேரப் பறத்தல்தான். அல்லது வாகைக்குளத்திலிருந்து மாலை விமானத்தில் சென்னைக்குப் போய், இரவு தங்கி, விடியற்காலை விமானத்தில் கொழும்புக்குப் போகவேண்டும். சென்னை வழி ஓர் ஆளுக்குப் போக வர 2,000 ரூபாய் குறைவு. அப்பா அதைத்தான் எடுக்கப் போனார். "கடலுக்கு அந்தப் பக்கம் போறதுக்கு எதுக்குட்டி மெட்ராசுக்குப் போகணும்?" என்று ஆச்சி என்னிடம் மெல்லக் கேட்டார்.

நானும் அப்பாவும் தாளும் பேனாவுமாய் உட்கார்ந்தோம். ஐந்து பேருக்குச் சீட்டில் மிச்சம் 10,000 ரூபாய். மதுரைக்குப் போக வர வாடகைக் கார் 8,000. ஆக நேர்வழிக்குக் கூடுதல் 18,000. சென்னை வழியில் இரண்டு அறைக்கு 5,000, சாப்பாட்டுக்கு 1,500, அறைக்குப் போய்வர 1,000, வாகைக்குளத்துக்குப் போய்வர 1,200, மொத்தம் 8,700. கழித்துப் பார்த்தால் நேர்வழி 9,300 ரூபாய் அதிகம். என் கட்சி தோற்றுப்போகும் கணக்குதான் இது. மலிவு கடைசியில் மலிவாகவே இராது என்று சொல்வார்கள். இங்கே அது மலிவாகவே இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் தாளில் ஏறாதவை சில இருக்கின்றன. நேர்வழியில் காலையில் புறப்பட்டால் அன்றே சின்ன ஆச்சி வீட்டில் சாப்பிடலாம். சென்னை வழியில் ஓர் இரவு போய்விடுகிறது. எழுபத்தாறு வயதில், வலிக்கிற முழங்காலுடன், விடுதிப் படியேறி இறங்கி, இரவு இரண்டு மணிக்கு எழுந்து முனையத்தில் வரிசையில் நிற்கவேண்டும். சக்கர நாற்காலி முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். அதுவும் விமான நிலைய வாசலுக்குள்தானே? உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்குப் பெரும்பாலும் பதினைந்து கிலோதான். ஆச்சி கொண்டுபோக வைத்திருக்கும் கருவாடும் மக்ரூனும் முறுக்கும் மட்டுமே அதில் பாதியைத் தாண்டும். சின்ன ஆச்சி கேட்டது மக்ரூன் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குடும்பம் சேர்ந்து போகும்போது, அதில் மிகவும் தளர்ந்தவரின் உடம்பைக் கொண்டுதான் விமானத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது என் துணிபு. காசு இல்லாதவருக்கு இது பேசக்கூடிய பேச்சன்று, அதை அறிவேன். எங்களுக்கு அந்த 9,300 எளிதில் வருவதுமன்று. ஆனால் கொழும்பில் உறவினர் வீட்டில் தங்குவதால் விடுதிச் செலவு இல்லை. ஐந்து நாளை நான்காகக் குறைத்தால் சுற்றிப் பார்க்க வைத்திருந்த பணத்தில் பாதி மிஞ்சும். கண்டிக்குப் போகாமல் வந்தால் குறைந்துவிடுவோமா என்று அப்பாவிடம் கேட்டேன். யானை பார்க்கலாம் என்று சொல்லித் தம்பியை இணங்க வைத்திருந்ததால் அவன்தான் அழுதான். அவனுக்கு என்ன ஈடு செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

தேதியிலும் ஒரு சொல். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டு. இலங்கையில் தமிழரும் சிங்களரும் சேர்ந்து கொண்டாடுவது. அப்போது ஊருக்குப் போகிற கூட்டத்தால் சீட்டு விலை ஏறும். மே கடைசியில் கொழும்புப் பக்கம் பருவமழை பிடித்துவிடும். இடையில் உள்ள வாரங்களே நமக்கு ஏற்றவை. அப்பா ஒருவழியாக மதுரை என்று சொல்லி, சீட்டெடுக்கும் முன் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கொண்டுவரச் சொன்னார். குறைந்தது ஆறு மாதக் காலமாவது அதில் மீதி இருக்கவேண்டும்.

ஆச்சி தம்முடையதைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். சேலைத் துணியில் சுற்றி, நடுவே அந்தோனியார் படம் வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். 2011-இல் கப்பலுக்காக எடுத்தது. 2021-இலேயே காலாவதியாகிவிட்டது. கொழும்பு முத்திரை ஒன்றே ஒன்று அதில் இருந்தது. விமானங்களின் வரிசையை மூன்று வாரமாகப் புரட்டிய நாங்கள் ஒருவரும் இதைப் பார்க்கவில்லை.

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு ஆச்சியை அழைத்துப் போகவேண்டும். முற்பகல் பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆச்சி இப்போதே சேலையை மடித்து எடுத்து வைத்துவிட்டார்.