முப்பது நாளை யாருக்குத் தாரை வார்த்தோம்?

"கோர்ட்டுல தடை வாங்கிட்டான், இனி என்னத்தச் செய்ய?"

கோவில்பட்டிக் கரிசக்காட்டுச் சேரிகளில் சுடுகாட்டுப் பாதைக்குச் சண்டை வந்தால் கேட்கிற பேச்சு இது. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் பிணம் சுமக்கிற சனம் பாதை கேட்கிறது. நிலக்காரன் முன்சீப் கோர்ட்டுக்குப் போகிறான். நமக்கு நோட்டீஸ் வருமுன்னே இடைக்காலத் தடை வாங்கி வந்து மந்தையில் வாசிக்கிறான். நாமும் வழக்கு முடிந்ததென்று வீடு திரும்புகிறோம்.

தோழர்களே, வழக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது!

1927 டிசம்பரில் மகாத் சவுதார் குளத்து விசயத்தில் அம்பேத்கர் மீதே இப்படித்தான் தடை வாங்கினார்கள். அவர் கோர்ட்டில் நின்று வாதாடி 1928இல் அதை உடைத்தார். தோற்ற சாதி இந்துக்கள் சும்மா இருந்தார்களா? அப்பீலுக்கு மேல் அப்பீல் போய், 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்திலும் தோற்ற பிறகுதான் ஓய்ந்தார்கள். தோற்றால் அவன் அப்பீல் போகிறான். நாம் போஸ்டர் ஒட்டுகிறோம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் படியுங்கள். எல்லா உத்தரவுக்கும் அப்பீல் இல்லை. வாய்தா கொடுத்ததற்கெல்லாம் போக முடியாது. ஆனால் தடையுத்தரவுக்கு உண்டு: பிரிவு 104, ஆணை 43. தடையை நீக்கச் சொல்லி அதே கோர்ட்டிலும் மனுப் போடலாம். மாவட்ட அளவிலான கோர்ட்டுக்கு அப்பீல் கெடு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். உத்தரவு நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் நாள் கணக்கில் சேராது. அப்பீல் போட்டதாலேயே தடை நின்றுவிடாது. நிறுத்தி வைக்கத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். ஆத்திரத்தில் தடையை மீறினால் சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை.

இன்னொன்று. 'சமரசமாப் போவோம்' என்று மிரட்டிக் கையெழுத்து வாங்குவான். சம்மதத் தீர்ப்பின் மேல் சாதாரணமாக அப்பீல் கிடையாது. பேனாவைத் தொடுமுன் யோசி!

"கோர்ட்டு நமக்கானதா?" என்று தோழர்கள் கேட்பது நியாயம்தான். கமுதிக் கோயிலில் நுழைந்த நாடார்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றார்கள். 1939இல் கோயில் கதவு திறந்தது போராட்டத்தாலும் புதுச் சட்டத்தாலும். எனவே தெருவை விடச் சொல்லவில்லை. தெருவில் நிற்கிறவன் கெடுவைக் கோட்டை விடாதே என்கிறோம்.

வக்கீலுக்குக் காசில்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தலித் மக்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேள். அது பிச்சை இல்லை, உரிமை.

சட்டம் படிக்கும் மாணவத் தோழர்களே, சேரிக்குச் சேரி இதைச் சொல்லுங்கள். தடை வந்த அன்றே நகலுக்கு மனுப் போட ஓர் ஆள் வேண்டும். அடுத்த பிணம் எந்த வழியாகப் போகும் என்பதை அந்த முப்பது நாள் முடிவு செய்யும்.