பீடோர் செய்தியைப் பீடோர் மாணவர்கள் எழுதட்டும்

2024 பிப்ரவரி 1ஆம் தேதி இரவு பீடோர் தடுப்பு முகாமிலிருந்து 131 குடிநுழைவுக் கைதிகள் தப்பியோடினர். மறுநாள் நாடு முழுவதும் பீடோர் பெயர் அடிபட்டது. 2025 மே 13ஆம் தேதி பக்கத்துத் தெலுக் இந்தான் தலைப்புச் செய்தியானது. சித்ரா பௌர்ணமி ஊர்வலப் பாதுகாப்புப் பணி முடிந்து திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், கல் ஏற்றிய லாரி மோதி உயிரிழந்தனர். ஓட்டம், விபத்து, மரணம் என்றால்தான் இவ்வட்டாரம் செய்தியாகிறது.

அந்த லாரி அளவுக்கு மீறிய சுமையுடன் சென்றது பின்னர் விசாரணையில்தான் தெரியவந்தது. கனரக லாரிகள் ஓடும் சாலையோரம் தினமும் பள்ளிக்கு நடக்கும் மாணவர்களுக்கு இது புதுச் செய்தியா என்ன? அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டு எழுதும் பழக்கமும் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2026இல் தடை செய்யப்போவதாக அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் அம்மாவின் கைப்பேசியில் வரும் புலனச் செய்தியைப் பிள்ளையும்தான் படிக்கிறது. அதை யார் சொன்னது, அவர் நேரில் பார்த்தாரா, படம் எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்கச் சட்டம் கற்றுத்தராது. ஊடகக் கல்வி அதைத்தான் கற்றுத்தருகிறது.

"பத்திரிகையே மூடிக்கொண்டிருக்கும்போது இந்தப் படிப்பு சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோனது. பத்திரிகைத் துறைக்குத்தான் போவேன் என்ற பிள்ளைக்குத் தாப்பாவைத் தாண்டினால் கம்பாரில் யூடார் பல்கலைக்கழகம் இருக்கிறது, பினாங்கில் யூ.எஸ்.எம். மாணவர்கள் 'பெரித்தா கம்புஸ்' என்ற பயிற்சி இதழையே நடத்தி வந்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கும் விசாரித்து எழுதத் தெரிவது எந்த வேலையிலும் கைகொடுக்கும்.

பள்ளிகளில் ஊடகத் திட்டம் என்றாலே முதலில் கேமரா வாங்கும் பேச்சுத்தான். பிறகு பின்னணி இசை, வரவேற்புரை, பரிசளிப்பு. காணொளி பளபளவென்று இருக்கும். அதில் ஒரு கேள்விகூட இருக்காது. கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து நாட்கள், காலை ஒரு மணி நேரம், பள்ளி வாயிலுக்கு உள்ளே ஆசிரியருடன் நின்று எத்தனை கனரக லாரிகள் கடக்கின்றன என்று எண்ணலாம். பிறகு கடைக்காரர் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், பெற்றோர் ஒருவர் என மூவரிடம் பேச வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே எழுதலாம், அதுவும் செய்திதான். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஆசிரியரின் கைப்பேசியும் போதும். எண்ணிக்கையை இரண்டு பேர் தனித்தனியே குறித்து ஒப்பிட வேண்டும், பேசியவரிடம் அனுமதி பெற வேண்டும், பிள்ளைகளின் முகமும் பெயரும் வெளியிடும் முன் பெற்றோரைக் கேட்க வேண்டும்.

இன்னொரு கேள்வி அவசரமானது. பால்மரம் சீவிய கடைசித் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டபோது யார் எங்கே போனார்கள், கோயில் என்ன ஆனது, பள்ளி எப்படி இடம் மாறியது என்பதைப் பாட்டிகளிடம் இப்போது கேட்டால்தான் உண்டு.

1950களில் சிங்கப்பூர் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றப் பக்கம் மலாயாப் பிள்ளைகள் பலரை எழுத வைத்தது. பிள்ளைகள் எழுதியதை அச்சில் ஏற்ற அன்று ஒரு பத்திரிகை இடம் கொடுத்தது. இன்று பீடோர் பிள்ளைகள் எண்ணி, கேட்டு, எழுதி வந்தால், மாதம் ஒரு பக்கம் ஒதுக்கத் தமிழ் நாளேடுகளும் முன்வர வேண்டும்.