ஆய்வகத்தின் இன்னொரு தலைவாசல்

தென்னாற்காட்டிலும் கடப்பையிலும் அவுரி ஒரு காலத்தில் காசு பார்த்த பயிர். செடியை அறுத்துத் தொட்டியில் ஊறப்போட்டு, கலக்கி அடித்து, அடியில் படியும் நீலத்தைக் கட்டியாக்கிக் கப்பலேற்றினார்கள். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்கு விட்டது. இருபது ஆண்டு தாண்டுவதற்குள் இந்திய அவுரி வணிகம் படுத்துவிட்டது. அந்த ஆலை நீலத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, பேராசிரியர் நாற்காலிக்குக் காத்திராமல் ஆலையில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள்.

இன்று நம் ஆய்வகங்களில், “அவன் இண்டஸ்ட்ரிக்குப் போயிட்டான்” என்று சொல்லும்போது குரல் ஒரு படி இறங்குகிறது. ஏதோ பின்வாசல் வழியாக நழுவிவிட்டதைப் போல. வரலாற்றைப் புரட்டினால் அதுவும் ஒரு தலைவாசலாகவே இருந்திருக்கிறது.

1824இல் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 21. மாணவர்களை ஒன்றாக நிறுத்தி, கையால் செய்து பழக்கும் ஆய்வகத்தை அங்கே நடத்தினார். ஒரு பொருளில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று அளக்க, ஐந்து குமிழ் கொண்ட கண்ணாடிக் கருவி ஒன்றை உருவாக்கினார். மேதைகளுக்கே கைவந்த அளவீட்டை அது சாதாரண மாணவனின் அன்றாட வேலையாக்கியது. அங்கே படித்தவர்கள் பேராசிரியர்களாக மட்டும் ஆகவில்லை. மருந்துக்கடை வைத்தார்கள், ஆலைக்குப் போனார்கள். லீபிக்கிடம் படித்த கெக்குலே, கெக்குலேயின் ஆய்வகத்தில் வேலை செய்த பேயர், 1880இல் பேயர் ஆய்வகத்தில் செய்து காட்டிய நீலம், பிறகு ஆலை நீலம் என்று ஒரே கொடி நம் அவுரி வயல் வரை ஓடி வந்திருக்கிறது.

பேராசிரியர் பதவி அன்றும் எளிதில் கிடைத்ததல்ல. 1917இல் மியூனிக் மாணவர்களிடையே பேசிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், கல்வித்துறையில் ஒருவர் மேலே வருவது பெரிதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று ஒளிக்காமல் எடுத்துரைத்தார். அதற்கு முன்பே, 1903இல், அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் முனைவர் பட்ட மோகத்தை எட்டுக்கால் ஆக்டோபஸுக்கு ஒப்பிட்டு எழுதியிருந்தார்.

அப்படியென்றால் ‘பட்டம் வாங்கினால் பேராசிரியர்தான்’ என்ற எண்ணம் எப்போது வேரூன்றியது? அதற்கு வயது அதிகமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அரசு அறிவியலுக்குப் பணத்தைக் கொட்டியது. 1957இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் அது பெருவெள்ளமாயிற்று. புதிது புதிதாகத் துறைகள் முளைத்தன. ஆய்வு முடித்தவருக்கு இடம் காத்திருந்தது. வெள்ளம் சீக்கிரமே வடிந்தது. 1971இல் அமெரிக்க இயற்பியலாளர்களின் வேலைவாய்ப்புக் கூட்டம் ஒன்றில் இருந்த இடங்கள் 53, வந்து நின்றவர்கள் 1,053 பேர். அந்தப் பொற்காலத்தில் வேலை பெற்றவர்கள்தான் அடுத்த தலைமுறைக்கு நெறியாளர்கள். தாங்கள் வந்த பாதையையே அவர்கள் பாதை என்றார்கள். பதினைந்து ஆண்டு அதிசயம் ஒன்று விதியாகிவிட்டது.

நம் ஊரிலும் தொடக்கம் வேறு மாதிரி இருந்தது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடித் தோல் பட்டறைகளை மனதில் வைத்துத்தான். அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பிய நாயுடம்மா, 1958 முதல் அதன் இயக்குநராக இருந்து, ஆய்வகத்தையும் பட்டறையையும் ஒரே கயிற்றில் கட்டினார். பச்சைத் தோலின் நாற்றம் பட்டத்துக்கு இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை.

இன்னொருவர் சிதம்பரத்தில் பிறந்தவர். வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவரானார். அது தனக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும் மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். பிறகு ஆசிரியர் பணிக்கு ஏறக்குறைய 50 விண்ணப்பங்கள் போட்டும் எதுவும் கைகூடவில்லை. தேசிய ஆய்வகங்களில் வேலை பார்த்தார். 2009இல் நோபல் பரிசு. எல்லோருக்கும் முடிவு இப்படி அமையாது. அதனால் பரிசை விட்டுவிடுவோம். இருபத்தைந்து வயதில் எடுத்த பாதையை மாற்றிக்கொள்ளலாம் என்பதே அவர் கதையில் நமக்கு வேண்டியது.

இனி நம் ஆய்வகத்துக்குள் வருவோம். ஐந்தாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவியின் பயோடேட்டாவை வாங்கிப் பாருங்கள். கட்டுரை மூன்று, மாநாடு நான்கு, அவ்வளவுதான். வாக்குவம் பம்ப்பைப் பிரித்து எண்ணெய் மாற்றியது அதில் இல்லை. மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, கருவி வந்து சேரும் வரை ஏஜென்ட்டிடம் மல்லுக்கட்டியது இல்லை. மார்ச் மாதக் கடைசியில் புராஜெக்ட்டின் யூ.சி.யை (நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழை)த் தயார்செய்து கணக்குப் பிரிவில் கையெழுத்து வாங்கியது இல்லை. ஜூனியர் இருவருக்கு வேலை பழக்கியது இல்லை. வெளியே இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கும் வேலைகள் இருக்கின்றன: தரக்கட்டுப்பாடு, காப்புரிமை, மருந்துச் சோதனை, தரவுப் பகுப்பாய்வு, அறிவியல் எழுத்து. தான் கற்றது என்ன என்பதே அவளுக்குத் தெரியாது. யாரும் பெயர் வைத்துச் சொல்லவில்லை.

வைவா அன்று சால்வை, சமோசா, கைதட்டல். மறுநாளே ‘அடுத்து என்ன?’ தொடங்கிவிடும். 2023 முதலான விகிதப்படி மாதந்தோறும் 37,000 ரூபாயாகவும் பிறகு 42,000 ஆகவும் வந்த உதவித்தொகை அப்போது நின்றிருக்கும். கௌரவ விரிவுரையாளர் பணிக்கான வரிசையோ நீளும்.

“வெளி வேலைகளை யோசிக்க ஆரம்பித்தால் ஆராய்ச்சி கெடும்” என்பது நெறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆட்சேபம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2013 முதல் 17 பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து, மாணவர்களுக்குப் பல தொழில்களை அறிமுகப்படுத்தியது. பத்து கல்வி நிறுவனங்களின் தரவை அலசி 2021இல் வெளியான ஆய்வில், அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் பட்டம் முடிக்கக் கூடுதல் காலம் எடுக்கவில்லை, கட்டுரைகளும் குறையவில்லை.

ஆகவே நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி, ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் மாணவர் ஒவ்வொரு செமஸ்டரும் வந்து நிற்கிறார். எத்தனை கட்டுரை ஆயிற்று என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: “இதை முடித்துவிட்டு எங்கே போக நினைக்கிறாய்? அங்கே இருப்பவர் யாரிடமாவது பேசியிருக்கிறாயா?” அதற்கு நிதி வேண்டாம், ஒப்புதல் வேண்டாம். பத்து நிமிடம் போதும்.