உத்தரவாதம் வெறும் காகிதமா?

ஊரில் வாங்கிய ஸ்கூட்டர் பெங்களூரில் பழுதானால், "வாங்கிய கடையில் கேளுங்கள்" என்று கைவிரிக்கிறார்கள். மாதத் தவணையோ நிற்பதில்லை. வழக்குக்காக லீவு போட்டு ஊருக்கு அலைய முடியுமா என்று நம்மவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது தேவையில்லை.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 1986-ம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தகராறு எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

பில், உத்தரவாதச் சீட்டு, பழுது பார்க்க விட்டபோதெல்லாம் தந்த ஜாப் கார்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். நாம் வாய் மூடியிருப்பதே விற்பவர்களுக்குத் துணிச்சல் தருகிறது. சட்டம் தந்த உரிமையைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.